தோள் நோவும் ஒரு பிழைத்திருத்தமும்

தலையிடியும் காய்ச்சலும் தனக்குத் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம்மவர் பழமொழி. அந்தப் பட்டியலில் தோள் நோவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சில மாதங்களாக எனக்குத் தோன்றிக்கொண்டிருக்கிறது. பத்திரிகைக் காரியாலயங்களில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காலந்தள்ளியவன் நான். பிறருடைய நோய்களைப் பற்றி எழுதியிருக்கிறேன், எழுதுவித்திருக்கிறேன், எழுதப்பட்டவற்றுக்குத் தலைப்பும் போட்டிருக்கிறேன். ஆனால், எனது சொந்தத் தோளுக்குள் ஒரு சிறு பை இருக்கிறது என்பதையும், அது அழன்றுபோனால் ஒரு மனிதன் தனது சேர்ட்டைத் தானே போட முடியாமற் போகும் என்பதையும் எழுபது வயதைக் கடந்த பின்னரே அறிந்தேன்.

அதை இங்கே எழுதுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இந்த நோவோடு நாளைக் கழிப்பவர்கள் நம்மிடையே மிகப் பலர். அவர்களுக்குப் பயன்படலாம் என்பது ஒன்று. நான் வெளியிட வேண்டிய ஒரு பிழைத்திருத்தம் நெடுநாளாகப் பாக்கியிருக்கிறது என்பது மற்றது. அதனைக் கடைசியிற் சொல்கிறேன்.

மூன்று நாள் வேலை

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடி வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க வேண்டியிருந்தது. அலுமாரிகளின் மேல் பல ஆண்டுகளாகத் தூசி படிந்து கிடந்த பழைய பத்திரிகைக் கோவைகளை இறக்கவேண்டும். வேலை முடிந்ததும் திரும்ப ஏற்றவேண்டும். ஒவ்வொரு கோவையும் ஐந்தாறு கிலோ நிறை. உதவிக்கு ஆள் இல்லாமல் இல்லை. ஆனால், என் கோவைகளில் வேறொருவர் கைவைப்பதை நான் விரும்புவதில்லை. சிறிய ஏணி ஒன்றில் ஏறி நின்று, தலைக்கு மேலே கைகளை நீட்டி, மூன்று நாள்கள் இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தேன்.

நான்காம் நாள் இரவு இரண்டு மணியிருக்கும். வலப்பக்கம் புரண்டு படுத்தபோது யாரோ ஆணியை இறுக்கியதுபோல் தோளில் ஒரு நோ. எழுந்து உட்கார்ந்தேன். நெஞ்சிலே ஏதோ என்ற அச்சந்தான் முதலில் வந்தது. மனைவி விளக்கைப் போட்டாள்.

“இஞ்சருங்கோ, நெஞ்சுக்கை ஏதும் செய்யுதோ? வேர்க்குதோ?”

நெஞ்சில் ஒன்றுமில்லை. வியர்வையும் இல்லை. தோளின் வெளிப்புறத்தில் தொடங்கி மேற்கையின் நடுப்பகுதி வரையில் இறங்கி நின்றது நோ. விடியும் மட்டும் கதிரையில் சாய்ந்திருந்தேன். காலையில் கையைத் தொங்கவிட்டால் நோவில்லை. பக்கவாட்டில் உயர்த்தினால் பாதித் தூரத்தில் உயிர் போயிற்று. மனைவியின் உதவியோடு கையைத் தலைக்கு மேலே கொண்டுபோனால் அங்கே நோ குறைந்தது. கீழே வரும் வழியில் திரும்பவும் அதே இடத்தில் பிடித்தது. இதென்ன விநோதம் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து சேர்ட் போடுவது பெரும் போராட்டமாயிற்று. காற்சட்டையின் பின்பையில் கைவிட்டுப் பணப்பையை எடுக்க முடியவில்லை. தலை வாருவதற்கு இடக்கையைப் பழக்கினேன். பஸ்ஸில் மேற்கம்பியைப் பிடிக்க முடியாது என்பதால் வெளியே போவதையே குறைத்துக்கொண்டேன்.

பிறகு நம்மில் பலரும் செய்யும் காரியத்தை நானும் செய்தேன். பாமசிக்குப் போய், வைத்தியரின் சிட்டை எதுவுமின்றி, டைக்குளோபினாக் குளிசைகளை வாங்கி விழுங்கினேன். இரண்டு நாள் சுகமாக இருந்தது. ஐந்தாம் நாள் வயிறு எரியத் தொடங்கிற்று. பல வருடங்களாக இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவன் நான். இவ்வகை நோக்கொல்லிகள் இரைப்பையைப் புண்ணாக்கலாம், இரத்த அழுத்தத்தை ஏற்றலாம், சிறுநீரகத்தையும் பாதிக்கலாம், வயது போனவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம் என்பவற்றையெல்லாம் பிற்பாடு வைத்தியர் சற்றுக் காரமாகவே எடுத்துச் சொன்னார். ‘மருத்துவப் பக்கம்’ ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்திய எனக்கு அது தேவைதான்.

பணப்பையும் தோட்பையும்

விசேட வைத்திய நிபுணர் ஒருவரைச் ‘சனல்’ செய்து பார்த்தேன். அவர் எனது கையைப் பல திசைகளில் உயர்த்தியும் திருப்பியும், தனது கையால் எதிர்த்துத் தள்ளியும் பார்த்தார். கழுத்தையும் திருப்பச் சொன்னார். கழுத்து எலும்பிடையே நரம்பு நசுங்கினாலும் தோளில் நோகும் என்பதால் அந்தச் சோதனை. கை உயரும்போது ஏறத்தாழ 60 பாகையிலிருந்து 120 பாகை வரையில் நோ பிடிப்பதும், அதற்கு மேலே குறைவதும் இந்த வருத்தத்தின் முக்கியமான அடையாளங்களில் ஒன்றாம். எனக்கு விநோதமாகத் தெரிந்தது அவருக்குப் பாடநூல்.

எக்ஸ்றேயில் எலும்பு முறிவோ சுண்ணாம்புப் படிவோ காணப்படவில்லை. ஆனால் எக்ஸ்றே எலும்பைக் காட்டுமேயன்றி மென்மையான பாகங்களைக் காட்டாது. எனவே அல்ட்ரா சவுண்ட் ஸ்கான் எடுக்கப்பட்டது. தோள்மூட்டின் மேலுள்ள திரவப்பை தடித்து அழன்றிருக்கிறது, அதன் கீழுள்ள தசைநாணும் சற்றுத் தேய்ந்திருக்கிறது, ஆனால் அறுந்துவிடவில்லை என்று அறிக்கை வந்தது. வைத்தியர் இதற்குப் ‘பர்சைற்றிஸ்’ என்று பெயர் சொன்னார்.

வார்த்தைகளோடு வாழ்ந்தவனாகையால் அந்தப் பெயரைச் சும்மா விட மனம் வரவில்லை. ‘பர்சா’ என்றால் இலத்தீன் மொழியில் பை. நாம் ‘பர்ஸ்’ என்று சொல்லும் பணப்பையும் அதே வேரிலிருந்து வந்ததே. உடலில் 150க்கும் மேற்பட்ட இத்தகைய பைகள் இருக்கின்றன. எலும்பின்மீது தசைநாணோ தோலோ உராயும் இடங்களில், மெல்லிய சவ்வினாலான சிறு பை ஒன்று, வழுவழுப்பான சொற்பத் திரவத்தோடு மெத்தைபோல் அமைந்திருக்கிறது. முழங்கையிலும் முழங்காலிலும் இடுப்பிலும் குதிகாலிலும் உண்டு. ஆரோக்கியமாக இருக்கும்போது பை தட்டையாகவே இருக்கும். அளவுக்கு மீறி நசுங்கினாலோ உராய்ந்தாலோ அதன் சுவர் தடிக்கிறது, திரவம் கூடுகிறது, நோகிறது.

தோள் இதற்கு அதிகம் ஆளாவது ஏன்? மனித உடலில் மிக அதிகமாக அசையக்கூடிய மூட்டு அதுவே. இடுப்பில் பந்து போன்ற எலும்பு ஆழமான கிண்ணத்தினுள் உட்கார்ந்திருக்கிறது. தோளிலோ, பெரிய பந்தொன்றைச் சிறிய தட்டில் சாய்த்து வைத்ததுபோன்ற அமைப்பு. அந்தப் பந்து தட்டிலிருந்து நழுவாமல் நான்கு தசைகள் அணைத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின் நாண்கள் ஒன்றுசேர்ந்து சேர்ட்டின் கைப்பட்டிபோல எலும்பைச் சுற்றி நிற்கின்றன. அந்த நாண்களுக்கும் மேலே கூரைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் தோள்பட்டை எலும்பின் முகட்டுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வெளியிலேதான் நமது பை இருக்கிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது அந்த வெளி மேலும் ஒடுங்குகிறது. வயதோடு நாண்கள் தேய்ந்து தசைகளும் தளர்ந்துவிட்டால், பந்து சற்றே மேல்நோக்கி எழும்பிப் பையை இடுக்கில் நசிக்கலாம். ஆகவே தோளில் பை மாத்திரம் தனியே நோயுறுவது குறைவு. அநேகமாக நாண்களின் பலவீனமும் கூடவே இருக்கும். இக்காலத்து வைத்தியர்கள் பலர் இரண்டையும் ஒரே வருத்தத்தின் இரு பக்கங்களாகவே கொள்கிறார்கள்.

சுவருக்கும் கூரைக்கும் நிறம் பூசுபவர்கள், மேசன்மார், தச்சர்கள், நீச்சல்காரர்கள், பந்துவீச்சாளர்கள் ஆகியோரின் தோள்கள் இதற்கு இலகுவில் இலக்காகின்றன. 2004இல் முத்தையா முரளிதரன் தோளில் சத்திரசிகிச்சை செய்துகொண்டபோது நாங்கள் எத்தனையோ பத்திகள் எழுதினோம். அவர் மீண்டு வந்து, 2010இல் 800 டெஸ்ட் விக்கெற்றுகளோடு விடைபெற்றார் என்பது உலகறிந்தது. அந்தத் தோளுக்குள் என்ன இருக்கிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஓர் ஊசி போதாதா?

“டொக்டர், ஓர் ஊசியோடு இதை முடித்துவிட முடியாதா?” என்று கேட்டேன். நண்பர் ஒருவருக்கு அப்படிச் சுகமானதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

வைத்தியர் சிரித்தார். ஸ்டீரொயிட் ஊசியால் அழற்சி தணியும் என்பது உண்மை. நித்திரை கொள்ள முடியாத அளவுக்கு நோ இருப்பவர்களுக்கு அது பெரும் ஆறுதல். ஆயினும் அதன் பயன் பெரும்பாலும் சில வாரங்களுக்கே. நீரிழிவுள்ளவர்களுக்குச் சில நாள்கள் இரத்தத்தில் சீனி ஏறும். அடிக்கடி போட்டால் நாண்கள் பலவீனமடையக்கூடும். ஊசி நோவைக் குறைக்குமே தவிரத் தசையைப் பலப்படுத்தாது. “முதலில் பிசியோதெரபி செய்து பாருங்கள். பிறகு யோசிப்போம்” என்று ஒரு துண்டு எழுதித் தந்தார்.

பிசியோதெரபியை இலங்கையில் இயன்மருத்துவம் என்று அழகாகத் தமிழ்ப்படுத்தியிருக்கிறார்கள். அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் இயன்மருத்துவப் பிரிவுக்குப் போனேன். கட்டணமில்லை, காத்திருத்தல் மாத்திரமே. வாங்கில் என்னோடு ஒரு மேசன், தையல் வேலை செய்யும் பெண்மணி ஒருவர், முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவர், பாடசாலைக் கிரிக்கெற் வீரன் ஒருவன். நான் விளையாட்டுக்காகக் கோவைகளைத் தூக்கினேன். அவர்களில் மூவருக்கோ கை உயர்ந்தால்தான் அடுப்பு எரியும். அந்த மேசன் இரண்டு மாதமாக வேலைக்குப் போகவில்லை என்றார். எனது புலம்பல் அவ்விடத்தில் சற்று அடங்கிற்று.

என்னைப் பார்த்தவர் எனது பேத்தி வயதுடைய ஓர் இளம் பெண். ஊர் மானிப்பாய்ப் பக்கம் என்று பேச்சிலேயே விளங்கிற்று.

“ஐயா, நோவெண்டு கையைக் கட்டி வைச்சிருக்கிறியளோ?”

உண்மையில் அப்படித்தான் செய்திருந்தேன். மனைவியின் பழைய சால்வை ஒன்றால் கையைக் கழுத்தில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன்.

“அதை அவிழ்ப்பம். உங்கடை கை பழுதாகேல்லை ஐயா. கோவிச்சுக்கொண்டு நிக்குது. அதோடை சண்டை பிடிக்கவும் கூடாது, கதையாமல் விடவும் கூடாது.”

நான் கேட்ட வைத்திய விளக்கங்கள் அனைத்திலும் எனக்கு முழுமையாக விளங்கியது இதுதான்.

மேசையும் தும்புத்தடியும்

முதலில் சில வீட்டு ஒழுங்குகளைச் சொன்னார். நோவுள்ள பக்கம் படுக்கக்கூடாது. மல்லாந்தோ மறுபக்கமாகவோ படுத்து, கைக்குக் கீழே ஒரு தலையணையை அணைத்துக்கொள்ள வேண்டும். சேர்ட் போடும்போது நோவுள்ள கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். இந்தச் சிறு விடயம் தெரியாமல் மூன்று வாரம் துன்பப்பட்டிருக்கிறேன். புதிய நோவுக்கு ஐஸ் கட்டியைத் துவாயில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். நேரே தோலில் வைக்கக்கூடாது. கணினியின் ‘மவுஸ்’ உடம்புக்கு அண்மையில் இருக்க வேண்டும். தலைக்கு மேல் எந்தப் பாரமும் சிலகாலம் வேண்டாம். ஊர் முறைப்படி எண்ணெய் போட்டு உருவலாமா என்று கேட்டேன். மெதுவாகத் தடவுவதில் கெடுதியில்லை, அழன்ற இடத்தை இறுக்கி நசித்து உருவினால் நோ கூடும் என்றார்.

பிறகு அப்பியாசங்கள். முதலாவது ஊசல். நல்ல கையை மேசையில் ஊன்றி முன்னுக்குச் சாய்ந்து நின்று, நோவுள்ள கையைச் சும்மா தொங்கவிட வேண்டும். உடம்பை மெல்ல அசைத்தால் கை தானாக முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் ஆடும். பின்னர் தேநீர்த் தட்டின் அளவில் சிறு வட்டங்கள். கையைத் தூக்குவதற்குத் தசைகள் உழைக்கவேண்டியதில்லை. ஆனால் மூட்டு அசைகிறது. கையின் நிறையே மூட்டினுள் சற்று இடைவெளி தருகிறது.

இரண்டாவது தும்புத்தடி. மல்லாந்து படுத்து, இரு கைகளாலும் தடியைப் பிடித்து, நல்ல கையின் பலத்தால் நோவுள்ள கையையும் சேர்த்துத் தலைப்பக்கம் கொண்டுபோதல். மூன்றாவது, சுவரில் விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏறுதல். எட்டிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு. நான்காவது, தோள்பட்டைகளைப் பின்னுக்கிழுத்து ஒன்றோடொன்று நெருக்குதல். கூனிக்கொண்டு எழுதிப் பழகிய என் போன்றோருக்கு இது மிக அவசியமாம். அந்தப் பிரிவின் மூலையில் கப்பி ஒன்று தொங்கியது. கயிற்றின் இரு முனைகளையும் பிடித்து, ஒரு கை இறங்க மறு கை ஏறும். எங்கள் ஊர்க் கிணற்றடி ஞாபகம் வந்தது.

நோ சற்றுத் தணிந்த பின்னர், சில வாரங்கள் கழித்தே, பலப்படுத்தும் பயிற்சிகள் தொடங்கின. முழங்கையை விலாவோடு ஒட்டி, இடையில் ஒரு துவாயை மடித்து வைத்து, றப்பர் பட்டியை வெளிநோக்கி இழுத்தல் அவற்றில் முக்கியமானது. பந்தைத் தட்டில் அணைத்துப் பிடிக்கும் அந்தத் தசைகளில் கையை வெளிநோக்கித் திருப்புபவற்றுக்கு இதுவே சாப்பாடு. ஆரம்பத்தில் பத்துத் தடவை. பின்னர் சிறிது சிறிதாகக் கூட்டுதல்.

எவ்வளவு நோவைத் தாங்கலாம் என்பதற்கும் ஒரு கணக்குச் சொன்னார். அப்பியாசத்தின்போது இலேசான நோ வந்து, சிறிது நேரத்தில் அடங்கினால் பாதகமில்லை. அன்றிரவு நித்திரையைக் குழப்பினாலோ, மறுநாட்காலையில் முன்னையதிலும் கூடுதலாக நொந்தாலோ, செய்தது அதிகம். அடுத்த தடவை குறைக்க வேண்டும். விட்டுவிட வேண்டியதில்லை.

முதல் இரண்டு வாரமும் சுவரிலிருந்த பென்சில் கோடு அசையவேயில்லை. இதெல்லாம் வீண்வேலை என்று ஒரு நாள் தும்புத்தடியை மூலையில் எறிந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் வாரம் கோடு இரண்டு விரல் உயர்ந்தது. ஆறாம் வாரம் நோவுள்ள பக்கம் புரண்டதை அறியாமலே விடியுமட்டும் நித்திரை கொண்டேன். மூன்றரை மாதத்தில் பஸ்ஸின் மேற்கம்பியைப் பிடித்தேன்.

பிழைகளை அச்சிட்ட வைத்தியர்

குணமாகி வருகையில், இந்த ஊசல் அப்பியாசத்தைச் சொன்னவர் யாரென்று தேடிப் படித்தேன். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் ஏர்னஸ்ற் அமோரி கொட்மன். தோளின் இந்தத் திரவப்பையைப் பற்றி 1906லேயே எழுதியவர். 1934இல் தோளுக்கென்றே ஒரு பெருநூலை வெளியிட்டார். ‘உறைந்த தோள்’ என்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் அவர் இட்டதே. ஊசல் அப்பியாசம் இன்றும் அவருடைய பெயராலேயே அழைக்கப்படுகிறது.

என்னைக் கவர்ந்தது வேறொன்று. சிகிச்சை பெற்றுப் போன ஒவ்வொரு நோயாளிக்கும் பிற்பாடு என்ன நடந்தது என்பதை வைத்தியசாலைகள் தேடியறிந்து பதிய வேண்டும் என்று அவர் வாதாடினார். சக வைத்தியர்கள் அதை விரும்பவில்லை. தாம் பணியாற்றிய பெரிய வைத்தியசாலையிலிருந்து 1914இல் விலகினார். 1911இல் தாம் தொடங்கிய சிறிய வைத்தியசாலையில் 1916 வரையில் சிகிச்சை பெற்றுச் சென்ற 337 நோயாளிகளின் விபரங்களையும், அவர்கள் விடயத்தில் நேர்ந்த 123 பிழைகளையும் அச்சிட்டு வெளியிட்டார். 1940இல் இறந்த அவருடைய புதைகுழிக்கு 2014 வரையில் ஒரு கல் கூட இருக்கவில்லை.

அவர் கேட்ட கேள்வியைப் பிற்காலத்து ஆய்வாளர்கள் தோளைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். பையை அகற்றி, முகட்டு எலும்பைச் சீவிவிடும் சத்திரசிகிச்சை உலகெங்கும் மிகப் பரவலாகச் செய்யப்பட்டு வந்தது. பிரித்தானியாவில் 32 வைத்தியசாலைகளில் 313 பேரை மூன்று குழுக்களாக்கிப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு உண்மையான சத்திரசிகிச்சை. இன்னொரு குழுவுக்குக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்ததைத் தவிர எதுவும் செய்யப்படவில்லை. மூன்றாம் குழுவுக்குச் சிகிச்சையே இல்லை. 2018இல் ‘லான்செற்’ சஞ்சிகையில் வந்த முடிவின்படி, எலும்பைச் சீவியவர்களுக்கும் சும்மா உள்ளே பார்த்தவர்களுக்கும் இடையே வித்தியாசமில்லை. சிகிச்சையே பெறாதவர்களைவிட இரு சாராரும் அடைந்த நன்மையும் கணக்கிலெடுக்கத் தக்கதாக இல்லை.

அதே சஞ்சிகையில் 2021இல் வந்த மற்றோர் ஆய்வு, 708 பேரைக் கொண்டது. இயன்மருத்துவரிடம் பல தடவை சென்று பயிற்சி பெற்றவர்களும், ஒரே ஒரு தடவை நல்ல ஆலோசனை பெற்று வீட்டில் தாமாகப் பயிற்சி செய்தவர்களும் ஓர் ஆண்டின் முடிவில் ஏறக்குறைய ஒரே நிலையிலேயே இருந்தார்கள். ஊசியின் நன்மை முதல் எட்டு வாரங்களில் சிறிதளவு தெரிந்தது. ஆண்டு முடிவில் தெரியவில்லை. பணவசதி இல்லாதவர்களுக்கும், வைத்தியசாலைக்குத் தூரத்தில் வசிப்பவர்களுக்கும் இது நல்ல செய்தி. ஒரு தடவை முறையாகச் சோதித்து, முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். மிகுதி உங்கள் வீட்டுச் சுவரிலும் தும்புத்தடியிலும் இருக்கிறது.

பாக்கியிருந்த திருத்தம்

ஒரு நாட்காலை சுவரில் விரல்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப எனக்கு வந்ததும் இதுதானே. அசைக்காமல் வைச்சிரு எண்டெல்லோ எனக்குச் சொன்னனீங்கள்” என்றாள்.

2012ஆம் ஆண்டு. அவளுக்கு இடது தோளில் நோ. தேங்காய் துருவும்போது நோகிறது, கொடியில் உடுப்புப் போட முடியவில்லை என்று சொன்னாள். நான் எழுதிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே, “கையை அசைக்காமல் ஓய்வாக வைத்திரு, தானே மாறும்” என்றேன். எங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை ஒன்றுக்கு ‘ஓய்வே மருந்து’ என்று தலைப்புப் போட்டவனும் நானே. அவள் சொன்னபடி செய்தாள். சில மாதங்களில் தோள் இறுகிப்போயிற்று. எந்தப் பக்கமும் திரும்பாத உறைந்த தோள். நீரிழிவுள்ளவர்களுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களிலும் அதிகம். அவளுக்கு நீரிழிவு உண்டு. ஆகவே எனது ஆலோசனை மாத்திரமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால், அசையாமல் வைத்திருந்தது தோளின் இறுக்கத்துக்கு உதவியிருக்கும் என்பதை இயன்மருத்துவரான அந்தப் பிள்ளையும் ஒப்புக்கொண்டது. கை தளர இரண்டு ஆண்டுகள் சென்றன. அந்த இரண்டு ஆண்டுகளும் அவள் தேங்காய் துருவினாள், சமைத்தாள், உடுப்புத் தோய்த்தாள். எப்படிச் செய்தாள் என்று நான் கேட்கவில்லை. எனது தோள் நொந்தபோதோ வீடு முழுவதும் விளக்கு எரிந்தது.

அவளது இடக்கை இன்றும் முதுகுப்புறம் முழுமையாகப் போவதில்லை. கடந்த மாதம் அவளையும் அழைத்துக்கொண்டு அந்தப் பிரிவுக்குச் சென்றேன். பழையதாயினும் சற்றுத் தளர்த்தலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்பொழுது காலையில் இருவரும் ஆளுக்கொரு தும்புத்தடியோடு நிற்கிறோம். சுவரில் இரண்டு பென்சில் கோடுகள் இருக்கின்றன.

எனவே பத்திரிகை மரபுப்படி எனது திருத்தத்தை இங்கே பதிவு செய்கிறேன்: ‘ஓய்வே மருந்து’ என்று அந்நாளில் வெளியான தலைப்புத் தவறானது. ‘நோவு தரும் வேலைக்கு ஓய்வு; தோளுக்கு அளவான அசைவு’ என்று திருத்தி வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறோம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லாத் தோள் நோவும் பர்சைற்றிஸ் அல்ல. நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு தோளோ கையோ நொந்தால், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு தோள் சிவந்து வீங்கினாலும், விழுந்தபின் கையை உயர்த்தவே முடியாமற் போனாலும், கை விரைத்துப் பலமிழந்தாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும் அப்பியாசம் செய்துகொண்டு வீட்டிலிருக்கக் கூடாது. முதலில் வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

இன்னுமொன்று. உங்கள் வீட்டில் மேற்தட்டிலிருக்கும் போத்தலை எடுக்க அண்மைக்காலமாகக் கதிரை வைத்து ஏறுபவர் யாராவது இருக்கிறார்களா என்று கவனித்துப் பாருங்கள். இருந்தால், எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்திக் கேளுங்கள்.